சுவரில் ஒரு வண்ணத்துப்பூச்சி

என் பழைய மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி, எனது எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று ஒரு பரிசுப் பொதியைக் கொண்டுவந்து தந்தனர். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் தேர்ந்தெடுத்த பரிசு அது. பொன்னாடையாக இருக்கலாம், அல்லது கைக்கடிகாரமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே பொதியை அவிழ்த்தேன். கறுப்புச் சட்டமிட்ட, ஆழமில்லாத கண்ணாடிப் பெட்டியொன்று. அதனுள்ளே, வெண்ணிறத் தாளின் நட்டநடுவே, இரு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்த அளவினதான நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகு பரப்பியிருந்தது.

"கீறின படமோ, தாத்தா?" என்று கேட்டாள் என் பேத்தி.

"இல்லைப் பிள்ளை. உண்மையான பூச்சிதான்."

அவள் ஓரடி பின்வாங்கினாள். "அப்ப, செத்ததோ?" என்றாள். கூடியிருந்தோர் ஒருவரும் விடை கூறவில்லை. அவ்வேளை தேநீர் வந்தது. பேச்சு வேறு திசையிற் சென்றது.

எல்லோரும் போனபின் அதனை எனது சாய்மனைக் கதிரைக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். மாட்டுமுன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு அது ஊறிப்போன பழக்கம். அங்கே சிறு தாள்துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 'மோர்போ டிடியுஸ்' என்னும் இலத்தீன் பெயரும், 'பெரு' என்னும் நாட்டின் பெயரும் அதிலே அச்சிடப்பட்டிருந்தன. அவ்வளவே. ஊர் இல்லை, நாள் இல்லை, பிடித்தவர் பெயர் இல்லை. அன்போடு தந்த பரிசிலே குற்றம் காண்பது பண்பன்று என்பதை அறிவேன். ஆயினும் அத்தாள்துண்டு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதற்குக் காரணம் எனது பதினான்காவது வயதில் நான் செய்த ஒரு காரியம். அதனைச் சொல்லுமுன் இந்த நீலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் இச்சட்டத்தைப் பார்ப்பவர் எவரும் முதலிற் பேசுவது அதனைப் பற்றியே.

மோர்போவின் நீலம் சாயம் அன்று. அதன் சிறகை மூடியுள்ள நுண்ணிய செதில்களிலே நீல நிறப்பொருள் எதுவும் இல்லை. ஒவ்வொரு செதிலின் மீதும் நெருக்கமான வரப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரப்பும் தட்டுத்தட்டாக அடுக்கிய மெல்லிய ஏடுகளால் ஆனது. ஏடுகளுக்கிடையே காற்று நிற்கிறது. ஒளி இவ்வடுக்குகளிற் பட்டுத் திரும்பும்போது நீலக் கதிர்கள் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு நம் கண்ணை அடைகின்றன. அச்சிறகின் மேல் ஒரு துளி மதுசாரத்தை விட்டால், காற்றிருந்த இடத்தை அது நிரப்ப, நீலம் பச்சையாக மாறிவிடும். உலர்ந்ததும் மீண்டும் நீலமாகும். மயிற்பீலியின் நீலமும் இத்தகைய அமைப்பினால் வந்ததே. சாயமாயின் ஆண்டுக்கணக்கில் ஒளிபட்டு வெளிறிப்போகும். இந்த நீலமோ எளிதில் வெளிறுவதில்லை. சுவரலங்காரம் செய்வோர் மோர்போவைத் தேடி அலைவதன் இரகசியம் இதுதான்.

1920களில் இங்கிலாந்திலே இச்சிறகை வெட்டிக் கண்ணாடியின் கீழ் வைத்து மார்பூசியாகவும் பதக்கமாகவும் அணிவது நாகரிகமாயிற்று. பிறேசிலின் இரியோ நகரிலே வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளைப் பதித்துச் செய்த தட்டுகளைப் பயணிகள் வாங்கிச் சென்றனர். அத்தட்டுகளில் மலையும் துறைமுகமும் தீட்டப்பட்டிருக்கும். கடலும் வானமும் மட்டும் மோர்போச் சிறகு. பிறேசில் அரசாங்கம் 1967 இல் காட்டுயிர்களை வேட்டையாடி விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. அதனால் நாகரிகம் ஓய்ந்துவிடவில்லை. நாடு மாறியது, உருவம் மாறியது. 2012 இல் இலண்டன் ரேற் மொடேர்ன் கலைக்கூடத்திலே டேமியன் ஹேர்ஸ்ற் என்னும் கலைஞர் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளை அறைக்குள் உலவவிட்டு ஒரு காட்சி அமைத்தபோது, அது முடிவதற்குள் 9,000க்கு மேற்பட்டவை இறந்தன என்று பத்திரிகைகள் எழுதின. அதனைக் கலையென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டோ என்பதை வாசகர்கள் பின்னர் தீர்மானிக்கட்டும்.

சட்டத்திலுள்ள பூச்சி ஏன் எப்போதும் ஒரே நிலையில் நிற்கிறது என்று யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வண்ணத்துப்பூச்சியைக் கொன்றதும் சிறகை மூடி முக்கோணமாக மடித்த தாளுறையில் இடுவர். அது அப்படியே விறைத்துக் காய்ந்துவிடும். பின்னர் ஈரத்துணியோடு மூடிய பெட்டியில் ஓரிரு நாள் வைத்தால் விறைப்பு நீங்கும். நடுவே பள்ளமிட்ட மென்பலகையிலே உடலைப் பள்ளத்தில் இருத்தி, மார்பின் நடுவே மெல்லிய ஊசியைச் செருகி, சிறகுகளை ஒவ்வொன்றாக முன்னுக்கு இழுத்துத் தாள் நாடாவால் அழுத்தி வைப்பர். முன்சிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணத்தில் நிற்கவேண்டும் என்பது விதி. சில வாரங்களில் அது அந்நிலையிலேயே உலர்ந்துவிடும்.

உயிருள்ள வண்ணத்துப்பூச்சி இப்படி அமர்வதில்லை. சிறகின் கோலம் முழுவதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆராய்ச்சியாளர் வகுத்துக்கொண்ட நிலை இது. அலங்காரக்காரர் கையில் அதுவே அழகின் இலக்கணமாகிவிட்டது. நமது நாட்டுக் காடுகளிலே 'கலிமா பிலார்க்கசு' என்று ஓர் இனம் உண்டு. சிறகை மூடி அமர்ந்ததென்றால் நடுநரம்பும் காம்பும் உள்ள காய்ந்த சருகுதான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமற்போய்விடும். அதன் வாழ்வெல்லாம் அந்தச் சருகில் அடங்கியிருக்கிறது. சட்டத்தில் இடுவோரோ அதனை விரித்து மேற்புறத்து நீலத்தைக் காட்டுவர். சருகு சுவரை நோக்கித் திரும்பிவிடும். என்னுடைய மோர்போவும் அப்படியே. காட்டிலே சிறகு மூடி இளைப்பாறும்போது அது காட்டுவது மண்ணிறப் பின்புறத்தையும் அதிலுள்ள கண்போன்ற வட்டங்களையுமே. அந்த முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1964 ஆம் ஆண்டிலே வலிகாமத்தில் எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கென்று நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் வண்ணத்துப்பூச்சி சேர்த்தோம். பழைய நுளம்புவலைத் துண்டொன்றைக் கம்பி வளையத்தில் தைத்துப் பூவரசந் தடியிற் கட்டினோம். அதுவே எங்கள் வலை. எருக்கலைப் பற்றையில் ஒன்று, தேசிமரத்தடியில் ஒன்று என்று ஐந்து சேர்ந்துவிட்டன. ஆறாவதற்காக ஒழுங்கை வேலியில் ஈசுரமூலிக் கொடி படர்ந்திருந்த இடத்தில் காத்திருந்தோம். கருஞ்சிறகும் குருதிச் சிவப்பான உடலும் உடைய ஒன்று அங்கே வருவதுண்டு. லினேயஸ் என்னும் சுவீடிய அறிஞர் 1758 இல் அதற்கு ஹெக்டர் என்று பெயரிட்டார். பெரிய வண்ணத்துப்பூச்சிகளை ஹோமரின் காவிய வீரர்களாகப் பிரித்தவர் அவர். மார்பிலே இரத்தச் சிவப்புடையவற்றைத் துரோய் நகரத்தார் பக்கம் சேர்த்தார். துரோயின் இளவரசன் எங்கள் ஒழுங்கையிலே பறந்து திரிந்தான் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

ஹெக்டரின் புழு ஈசுரமூலி இலையைத் தின்று அதன் நஞ்சை உடலில் ஏற்றிக்கொள்கிறது. அதனாற் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண்பூச்சிகளுட் சில இந்த வேடத்தையே புனைந்து உயிர் பிழைக்கின்றன. தேசிமரத்தடியில் நாங்கள் பிடித்தது அத்தகைய வேடதாரிதான். இரண்டையும் ஒன்றென்று நாங்கள் சாதித்தபோது, எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சிறகைப் பார்க்கவேண்டாம், உடலைப் பாருங்கள் என்றார். ஒன்றின் உடல் சிவப்பு, மற்றதன் உடல் கறுப்பு. அந்த நாளை நான் மறக்கவில்லை.

மறக்காத வேறொன்றும் உண்டு. மார்பை இரு விரலால் நசுக்கினால் வண்ணத்துப்பூச்சி உடனே இறந்துவிடும் என்று அறிந்திருந்தோம். ஹெக்டரையும் அப்படியே நசுக்கி, ஊசி குத்தி, தாள் நாடாவால் அழுத்தி வைத்துவிட்டு உறங்கப் போனோம். காலையிலே பலகையைத் திறந்தால், நாடாவின் கீழே அது சிறகடித்துக்கொண்டிருந்தது. நஞ்சுண்டு வளரும் இவ்வினங்கள் தோல் தடித்தவை, எளிதிற் சாகமாட்டா என்பதைப் பின்னாளிலே நூல்களிற் படித்தேன். அன்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் தோழன் மறுபடியும் நசுக்கினான்.

"இடமும் திகதியும் எழுதாத பூச்சியை என்ரை மேசைக்குக் கொண்டுவராதையுங்கோ" என்பது ஆசிரியரின் கட்டளை. தோழனுக்கு முத்துப்போன்ற கையெழுத்து. நகத்தளவு சீட்டுகள் ஆறு வெட்டி, கறுப்பு மையினால் ஒழுங்கையின் பெயர், திகதி, பிடித்த மரம், எங்கள் இருவரின் பெயர் எல்லாம் எழுதி, ஒவ்வோர் ஊசியிலும் பூச்சிக்குக் கீழே குத்தினான். கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைத்தது. பெட்டி என் வீட்டுக்கு வந்தது. கூடத்தில் மாட்டிப் பார்த்தபோது, சிறகுகளின் கீழே எட்டிப்பார்க்கும் அந்தச் சீட்டுகள் எனக்கு அருவருப்பாகத் தோன்றின. அழகு கெடுகிறது என்று எண்ணினேன். ஒருவரும் சொல்லாமல், நானாகவே, ஆறு சீட்டுகளையும் கழற்றி எறிந்தேன். விருந்தினர் வந்து பார்த்து வியந்தனர்.

1995 இல் ஊரைவிட்டு எல்லோரும் வெளியேறியபோது பெட்டி சுவரிலேயே நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. உள்ளே ஆறு ஊசிகளும், அவற்றின் அடியிலே கொஞ்சம் மண்ணிறத் தூளும் இருந்தன. நூதனசாலைகளுக்கெல்லாம் பகையான சிறு வண்டின் புழு சிறகையும் உடலையும் தின்று தீர்த்திருந்தது. தோழன் 1984 இல் நாட்டைவிட்டுச் சென்றவன், அங்கேயே காலமானான். அவனுடைய கையெழுத்தில் ஒரு வரிதானும் என்னிடம் இல்லை.

சில ஆண்டுகளின் முன் இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபட்ட இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உங்கள் ஒழுங்கையில் முன்னர் ஹெக்டர் பறந்ததுண்டா, எந்த மாதத்தில் என்று கேட்டார். வேலிகள் மதிலாகிவிட்டன, ஈசுரமூலி நின்ற இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "1964. தை மாதம் என்று நினைக்கிறேன்" என்றேன். அவர் தமது குறிப்புப் புத்தகத்தில் எதையும் எழுதாமல் மூடிக்கொண்டார். அவர் செய்தது சரியே.

சீட்டைப் பற்றிய இக்கவலை ஏதோ முதுமையின் பித்து என்று எண்ணவேண்டாம். அமேசன் நதிக்கரைகளில் நான்கு ஆண்டுகள் அலைந்த அல்பிரட் ரசல் வொலஸ், 1852 இல் அந்நாட்டுக் குரங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலே இதே முறைப்பாட்டைச் செய்தார். நூதனசாலைகளிலுள்ள மாதிரிகளில் 'தென்னமெரிக்கா', 'பிறேசில்', 'பெரு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நதியின் எந்தக் கரையிற் பிடித்தது என்பது இல்லையே என்று வருந்தினார். ஒரு கரையில் வாழும் இனம் மறுகரையில் இல்லை என்பதையும், பெருநதிகளே எல்லைகளாக நிற்பதையும் அவர் கண்டறிந்திருந்தார். நாட்டின் பெயர் மட்டும் தாங்கிய சீட்டினால் அதனை ஒருபோதும் கண்டிருக்க முடியாது. அவர் பதினேழு தசாப்தங்களுக்கு முன் குறைகூறிய அதே 'பெரு' என் சுவரிலே தொங்குகிறது! அவரும் பூச்சிகளை விற்றே பயணச்செலவு தேடியவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அதே 1852 இல் தாயகம் திரும்புகையில் அவர் வந்த கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. அவருடன் வந்த சேகரிப்பெல்லாம் அழிந்தது. சில குறிப்புகளும் சித்திரங்களுமே அவர் கையில் மிஞ்சின. அவற்றைக்கொண்டு அவர் நூலே எழுதினார்.

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலை நூதனசாலையிலே ஒரு சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. ஊசி குத்திக் காக்கப்பட்ட பூச்சிகளுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது என்று கருதப்படுவது. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் கேம்பிறிட்ஜ்சயரின் கம்லிங்கே என்னும் ஊரில், 1702 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது பிடிபட்டது என்று நாம் சொல்லமுடிகிறது. அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரத்து மணல்மேடுகளிலே 'சேர்சிஸ் நீலம்' என்றோர் இனம் இருந்தது. நகரம் வளர்ந்து மணல்மேடுகளை மூடியது; 1940களின் தொடக்கத்தில் அது உலகிலிருந்தே மறைந்தது. அது தனி இனந்தானா, வேறோர் இனத்தின் கிளையா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 2021 இல், 93 ஆண்டு பழமையான ஒரு மாதிரியின் உடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து அதன் மரபணுவை ஆராய்ந்தபோது அது தனி இனமே என்பது உறுதியாயிற்று. நாளும் இடமும் தெரிந்த பூச்சியாகையால் அதனிடம் அக்கேள்வியைக் கேட்க முடிந்தது. என் மோர்போவிடம் எதைக் கேட்பது?

இவ்வணிகத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கதும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பப்புவா நியூகினியில் 1978 இல் அரசாங்கம் புலோலோ என்னுமிடத்தில் பூச்சி வளர்ப்புக்கும் விற்பனைக்குமென ஒரு நிலையத்தை அமைத்தது. கிராமத்தவர் தங்கள் தோட்ட ஓரங்களிலே நமது ஈசுரமூலியின் உறவான கொடிகளை நட்டு, பறவைச்சிறகிகள் எனப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளை வரவழைத்து, கூட்டுப்புழுக்களை எடுத்து வளர்க்கின்றனர். காடு நின்றால் வருமானம் நிற்கும் என்னும் நிலை அங்கே உண்டாயிற்று. மரம் வெட்டி விற்பதினும் இது எவ்வளவோ மேல். எனினும் ஒரு விளம்பரப் பேச்சை மட்டும் நான் நம்புவதில்லை. "தானாக இறந்த பூச்சிகள்" என்று விற்கிறார்கள். வாழ்ந்து முடித்த வண்ணத்துப்பூச்சியின் சிறகு கிழிந்து, செதில் உதிர்ந்து, வால் முறிந்து இருக்கும். எங்கள் முற்றத்திலே செத்துக் கிடப்பவற்றைப் பார்த்தவர்க்கு இது தெரியும். ஒரு கீறலும் இல்லாத சிறகு, கூட்டைவிட்டு வெளிவந்து அதிக நேரம் பறக்கவிடப்படாத சிறகு.

நமது நாட்டில் இவ்வகை வளர்ப்பு வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. இங்கே காட்டிற் பிடிப்பது சட்டவிரோதம். 2024 இல் யால வனத்திலே வண்ணத்துப்பூச்சிகள் உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு அகப்பட்ட வெளிநாட்டார் இருவருக்கு நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. சுவருக்கு அழகு தேவையென்றால் நமக்கு வேறு வழி ஒன்று முன்னரே இருந்தது. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலுக்கு மூலச் சித்திரங்களை வரைந்தவர் வில்லியம் த அல்விஸும் அவருடைய சகோதரரும். பேராதனைப் பூங்காவின் சித்திரக்காரராயிருந்தவரின் புதல்வர்கள் அவர்கள். சிறகை மட்டுமன்றிப் புழுவையும் கூட்டையும் சேர்த்து வரைந்தார்கள். அவ்வேடுகளிலே மேற்சிறகும் உண்டு, மூடிய சிறகும் உண்டு.

இரண்டு வாரங்களின் முன் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது.

"சேர், படம் பிடிச்சுதோ?"

"நல்லாய்ப் பிடிச்சுது, தம்பி. ஒரு உதவி வேணும். நீர் வாங்கின கடையில, இந்தப் பூச்சியை எந்த ஊரில, எப்ப பிடிச்சதெண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லும்."

மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம். "கேட்டுச் சொல்லுறன், சேர்" என்றார். சொன்னவாறே நேற்று மீண்டும் பேசினார்.

"அந்த விபரம் ஒண்டும் தங்களிட்டை இல்லையாம், சேர். வேணுமெண்டால் பச்சை நிறத்திலயும் இருக்காம். சட்டத்தின்ரை நிறத்தையும் மாத்தித் தருவினமாம்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். நகத்தளவினும் சற்றுப் பெரிய சீட்டொன்று வெட்டி, பூச்சியின் பெயரையும் நாட்டையும் எழுதினேன். அதன்கீழே இந்த வீட்டுக்கு வந்த நாள், கொண்டுவந்தவர்களின் பெயர்கள். அதன்கீழே 'பிடித்த இடம்' என்றும், 'பிடித்த நாள்' என்றும் எழுதி, எதிரே இடம் விட்டேன். பேத்தி என் தோளருகில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மற்றதுகளையும் எழுதுங்கோவன், தாத்தா" என்றாள்.